நம் உடம்புக்குள் ஓர் உறுப்பு படுத்துக்கொண்டால் அதன் ஜோடி எழுந்துகொள்ளும், தெரியுமா?

தாம்பரம் மின்சார ரயிலில் கடைசி ஸ்டேஷனுக்கு முந்தையதற்கு ஏன் 'சானடோரியம்' என்று பெயர், தெரியுமா? 1928-ல் டாக்டர் சௌரி முத்து 12 படுக்கைகளோடு அங்கே ஆரம்பித்த காசநோய் மருத்துவமனைதான் காரணம்! 1937-ல் அதை அரசு எடுத்துக்கொண்டது.

காசநோய்க்கு மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் உலகமெங்கும் டாக்டர்கள் செய்த ஒரு வைத்தியத்தைக் கேட்டால் தலை சுற்றும். விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செருகி, உள்ளே காற்றை ஏற்றி, நோய் பிடித்த நுரையீரலை வேண்டுமென்றே சுருங்க வைத்தார்கள்! அது ஓய்வெடுத்தால் புண் ஆறும் என்பது கணக்கு. ஏற்றிய காற்றை உடம்பு மெல்ல உறிஞ்சிவிடும். எனவே மறுபடி ஊசி, மறுபடி காற்று. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்! அத்தனை நாளும் மூச்சு விட்டது யார்? அடுத்த பக்கத்து நுரையீரல்!

ஒன்றை அடியோடு எடுத்துவிட்டாலும் ஆள் நடமாடலாம். மிஞ்சியது உப்பி, நெஞ்சின் நடுக்கோட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும். இதயமே சற்று நகர்ந்து உட்காரும்! பெரியவர்களுக்கு நுரையீரல் புதிதாக வளராது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு அதை அசைத்தது: வலது நுரையீரல் எடுக்கப்பட்டு 15 ஆண்டுகளான ஒரு பெண்ணின் இடது நுரையீரலில் புதுக் காற்றறைகளுக்கான அடையாளம்! பார்த்தது ஒரே ஒருவரிடம்தான், அதற்காக ஒற்றை நுரையீரலோடு மாடி ஏறினால் இரைக்காது என்று நினைத்துவிட வேண்டாம்.

சிறுநீரகம் தானம் கொடுத்தவருக்கு? மிஞ்சிய ஒன்று பருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து பார்த்த வேலையில் சுமார் 70 சதவீதத்தைத் தனியாகவே இழுத்துப்போட்டுச் செய்யும்!

அதே ரயிலில் ஒரு ஸ்டேஷன் பின்னால் போனால் குரோம்பேட்டை. அங்கே மருத்துவமனை நடத்தும் டாக்டர் முகமது ரேலா, 1997-ல் லண்டனில், பிறந்து 5 நாளே ஆன குழந்தைக்குக் கல்லீரல் பொருத்தி கின்னஸில் இடம்பிடித்தவர்! உயிரோடு இருப்பவரும் கல்லீரல் தானம் செய்யலாம்: பெரியவர் ஒருவருக்குத் தன் கல்லீரலின் வலது மடலைக் கொடுத்தால், கொடுப்பவரின் கல்லீரலில் சுமார் 60 சதவீதம் போய்விடும். சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவு! ஆனால் வெட்டிய மடல் முளைப்பதில்லை, மிஞ்சியதுதான் பெருக்கிறது. கூடவே எடுத்த பித்தப்பையும் திரும்ப வராது. பித்தநீர் நேராகக் குடலுக்குச் சொட்டும். நெய் தோசை அப்போதும் செரிக்கும்!