காரைக்காலில் பெட்ரோல் விலை ஏன் குறைவு? குத்தாலத்திலிருந்து போய் போட்டால் லாபமா?

“காரைக்கால் போறியா? டேங்கை ஃபுல் பண்ணிட்டு வா!” மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலம் பக்கம் இப்படிச் சொல்வதுண்டு. பக்கத்து ஊர்தானே, விலை மட்டும் ஏன் மாறுது?

வரிதான் காரணம்

சோப்பு, பிஸ்கட்டுக்கு 2017 ஜூலை 1 முதல் நாடு முழுக்க ஒரே ஜிஎஸ்டி. பெட்ரோல், டீசல் அதில் இல்லை. மத்திய அரசின் கலால் வரி எல்லா ஊருக்கும் ஒன்று. அதற்கு மேல் மாநில அரசுகள் தனித்தனியாக வாட் வரி போடுகின்றன. தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதம், கூடவே லிட்டருக்கு 11.52 ரூபாய். காரைக்கால், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. அங்கே வாட் குறைவு.

லாபமா, நஷ்டமா?

லிட்டருக்கு 4 ரூபாய் மிச்சம்னு வைங்க. பைக்கில் 8 லிட்டர் போட்டால் 32 ரூபாய் மிச்சம். ஆனால் போக வர சுமார் 80 கி.மீ. லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் வண்டி என்றால் 1.6 லிட்டர் காலி. லிட்டர் 100 ரூபாய் கணக்கில் 160 ரூபாய் செலவு. கையை விட்டுப் போவது 128 ரூபாய்!

திருநள்ளாறு கோயிலுக்கோ, வேறு வேலைக்கோ போகிறவர்கள் வழியில் போட்டுக்கிட்டா லாபம்தான்.

விவசாயிக்கு?

டீசலுக்கும் இதே கதைதான்: தமிழ்நாட்டில் 11 சதவீதம், கூடவே லிட்டருக்கு 9.62 ரூபாய். வயலில் உழவு ஓட்டும் டிராக்டர் டீசலுக்காகக் காரைக்கால் போக முடியாது. உள்ளூர் பங்க் விலைதான் உழவுக் கூலியில் ஏறும்.