‘கீழ நோகுது’ என்றால் எங்கே?

உயிலங்குளத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவருக்கு இரண்டு கிழமையாக நோவு. பஸ் ஏறிப் போய் வைத்தியரிடம் அவர் சொன்னது இரண்டே சொற்கள்: “கீழ நோகுது.” சலம் போகும்போதா என்று கேட்டதற்குத் தலையாட்டினார். சிறுநீர்த் தொற்றுக்குக் குளிசை கிடைத்தது. குளிசை முடிந்தும் நோவு போகவில்லை. கதிரையில் இருக்கவே முடியாமல் போன பிறகுதான் ஒரு பெண் வைத்தியர் பரிசோதித்து, யோனித் துவாரத்தின் ஓரத்தில் ஒரு சுரப்பி அடைபட்டுச் சீழ் கட்டியிருப்பதைக் கண்டார்.

“கட்டி இருக்கெண்டு முதலே ஏன் சொல்லேல்ல?”

“அந்த இடத்துக்கு என்ன பேர் சொல்லுறது, டொக்டர்?”

பெயர் போடாமல் இதை எழுதச் சொன்னதும் அந்த அக்காதான்.

வெளியே தெரியும் பகுதி முழுவதற்கும் பெண்குறி என்று பெயர். யோனி என்பது உள்ளே கருப்பைக் கழுத்து வரை செல்லும் பாதை. பேச்சில் இரண்டையும் யோனி என்றே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் பேசுவோரும் வல்வா என்று சொல்லவேண்டிய இடத்தில் வஜைனா என்றுதான் சொல்கிறார்கள்.

மேலே மயிர் வளரும் மேடு. அதிலிருந்து இரு பக்கமும் கீழிறங்கும் தடித்த மடிப்புகள் பேரிதழ்கள். அவற்றின் உள்ளே மயிரில்லாத மெல்லிய சிற்றிதழ்கள். ஒன்று நீண்டு மற்றது குட்டையாக இருக்கலாம், வெளியே தெரியலாம், கறுத்திருக்கலாம். எதுவும் நோயில்லை; வெள்ளையாக்கும் கிறீம் விற்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் அதில் அக்கறை இருக்கத் தேவையில்லை.

சிற்றிதழ்கள் மேலே சேருமிடத்தில், ஒரு தோல் உறையின் கீழ் இருப்பது பெண்குறிக் காம்பு, அதாவது கிளிற்றோரிஸ். வெளியே தெரிவது அதன் நுனி மட்டும்தான். மருத்துவ நூல்கள் நெடுங்காலம் கவனிக்காமல் விட்ட அதன் உள்ளமைப்பை அவுஸ்திரேலியச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹெலன் ஓ’கொனல் விரிவாக எடுத்துக்காட்டியது 1998 இல்.

அதற்குக் கீழே சிறுநீர்த் துவாரம், அதற்கும் கீழே யோனித் துவாரம். சலமும் மாதவிடாயும் ஒரே வழியால்தான் வருகின்றன என்று கம்பஸ் போகும்வரை நானும் நினைத்திருந்தேன். யோனித் துவாரத்தின் இரு பக்கமும் பட்டாணியளவில் பார்தொலின் சுரப்பிகள் உள்ளன. அக்காவுக்கு அடைபட்டது அதிலொன்று. துவாரத்தின் விளிம்பில் இருக்கும் கன்னிச்சவ்வு பெரும்பாலும் நடுவில் திறந்தே இருக்கும் ஒரு மடிப்பு. அதைப் பார்த்து ஒரு பெண் உடலுறவு கொண்டவரா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘கன்னித்தன்மைப் பரிசோதனை’யைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2018 இல் கேட்டதும் இதனால்தான்.

எரிவு சிறுநீர்த் துவாரத்திலா, அரிப்பு இதழ்களிலா, வெள்ளைபடுதல் யோனியிலிருந்தா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இதழில் ஆறாத புண், வெண்திட்டு, நீங்காத அரிப்பு இருந்தால், வயதான பெண்கள் குறிப்பாக, தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதில் செய்யும் பப் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்கானது. வெளியே ஏதும் இருந்தால் அதை நாமாகத்தான் சொல்ல வேண்டும்.

பாடசாலையில் கருப்பையும் சூலகமும் படம் கீறியிருக்கிறோம், வெளியிலுள்ளதைக் கீறியதில்லை. ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காக 2019 இல் சிங்களத்தில் வந்த ‘ஹதே அபே பொத’ என்ற பாலியல் கல்வி நூலும் பிக்குகளின் எதிர்ப்பையடுத்து நிறுத்தப்பட்டது. முஸ்லிம் சமூகத்தின் ஒரு பகுதியினரிடையே பெண்குழந்தைகளுக்குச் செய்யப்படும் கத்னாவில் வைத்தியர்கள் ஈடுபடக்கூடாதென சுகாதார அமைச்சு 2018 இல் சுற்றுநிருபம் விட்டது. கீறப்படும் இடத்தின் பெயரைச் சொல்லாமல் அதைப் பற்றி எப்படிப் பேசுவது? ‘அங்க தொட்டவர்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த ‘அங்க’ எங்கே என்று பொலிஸும் நீதிமன்றமும் கேட்கும்.

அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. இப்போது கிணற்றடியில் குளிக்க வார்க்கும்போது முழங்கால், கணுக்கால் என்று சொல்வதோடு இந்தப் பெயர்களையும் சொல்லிக்கொடுக்கிறாராம். “முதல் நாள் எனக்குத்தான் வெக்கமாயிருந்தது,” என்றார். “அவள் ஏழெட்டுத் தரம் சொல்லிப்பாத்திட்டு, தலைக்குச் சவர்க்காரம் போடச் சொன்னவள்.”