சுரப்பியைச் சுருக்கும் மாத்திரை

கரீபியக் கடல் சூழ்ந்த டொமினிக்கன் குடியரசின் தென்மேற்குப் பகுதியில், ஸலினாஸ் என்னும் கிராமத்தில், பெண்ணென்று கருதி வளர்க்கப்பட்ட குழந்தைகள் சிலர் பருவமெய்தும் காலத்தில் குரல் தடித்து, தசை திரண்டு, ஆண்மக்களாக உருமாறி வந்த விந்தையை, அமெரிக்க மருத்துவர் ஜூலியான் இம்பெராடோ-மக்கின்லியும் அவரது சகாக்களும் ஆராய்ந்து, 1974இல் 'ஸயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். வயோதிகத்தில் ஆண்களை வாட்டும் புராஸ்டேட் வீக்கத்துக்கு இன்று வழங்கப்படும் முக்கியமான மாத்திரை ஒன்று, அந்த ஆராய்ச்சியின் வழியாகவே உருப்பெற்றது.

அந்தக் குழந்தைகளுடைய தேகத்தில் ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோன் போதிய அளவு சுரந்தது. அதை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் வீரியம் மிகுந்த ஹார்மோனாக மாற்றும் '5-ஆல்பா ரிடக்டேஸ்' என்ற நொதியில் மட்டும் பிறவியிலேயே குறையிருந்தது. கருவில் ஆணின் புற உறுப்புகள் உருவாக இந்த இரண்டாவது ஹார்மோன் அவசியமாதலால், அவர்கள் பிறப்பில் பெண்போலத் தோன்றினர். பருவத்தில் குரலையும் தசையையும் வளர்ப்பது பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோனே ஆதலால், பிற்பாடு ஆணாயினர். வளர்ந்த பிறகும் அவர்களுக்குப் புராஸ்டேட் சிறுத்தே இருந்தது. முன்தலை வழுக்கையும் விழவில்லை. இயற்கை சிலருக்கு விதித்த இக்குறையை முதியவருக்கு மருந்தால் உண்டாக்கினால் என்ன என்ற எண்ணம், மெர்க் நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவர் ராய் வாகெலோஸுக்கு உதித்தது. அதன் பலனாகிய ஃபினாஸ்டரைடுக்கு 1992இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது.

வாலிபத்தில் ஏறக்குறைய 20 கிராம் எடையுள்ள புராஸ்டேட் சுரப்பி, சிறுநீர்ப்பைக்கு அடியில் சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமைந்திருப்பதால், ஐம்பது வயதுக்குமேல் அது பருக்கப் பருக்கக் குழாய் நெருக்குண்டு, இரவில் மூன்று நான்கு முறை எழுவதும், நின்று காத்திருந்தும் தாரை மெலிந்து விழுவதும், கழித்த பின்னும் மிச்சமிருப்பதாகத் தோன்றுவதும், சிலருக்குத் திடீரென நீர்க்கட்டு ஏற்பட்டு டியூப் போட்டு வெளியேற்ற நேர்வதும் உண்டாகின்றன. இது புற்றுநோயன்று. எனினும் ஆண் ஹார்மோனின்றி இச்சுரப்பி வளராது என்பது பழைய உண்மை. 1890களில் பிலடெல்பியாவின் வில்லியம் வைட் என்ற அறுவை நிபுணர் விதைகளை நீக்கியே இதற்குச் சிகிச்சை செய்தார் என்றால், ஆண்மையை இழக்காமல் சுரப்பியை மட்டும் சுருக்கும் மாத்திரையின் அருமை விளங்கும்.

இந்நோய்க்கு இன்று வழக்கிலுள்ள மருந்துகள் பிரதானமாக இருவகை. டாம்சுலோசின் போன்றவை குழாயைச் சூழ்ந்த தசையைத் தளர்த்தி, சில நாட்களிலேயே தாரையைச் சீராக்கும். ஆனால் சுரப்பியின் அளவைத் தொடா. ஃபினாஸ்டரைடும், 2001இல் அனுமதி பெற்ற டூடாஸ்டரைடும் ஹார்மோன் மாற்றத்தையே தடுப்பதால், சுரப்பி மெல்ல இளைத்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. முன்னது இரத்தத்திலுள்ள டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனைச் சுமார் 70 சதவீதமும், நொதியின் இரு வகைகளையும் அடக்கும் பின்னது 90 சதவீதத்துக்கு மேலும் குறைக்கின்றன. அமெரிக்காவில் 3,047 பேரிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வில், நோய் முற்றும் அபாயத்தைத் தசை தளர்த்தும் மருந்தான டாக்ஸசோசின் 39 சதவீதமும், ஃபினாஸ்டரைடு 34 சதவீதமும், இரண்டும் சேர்ந்து 66 சதவீதமும் குறைத்தன. நீர்க்கட்டையும் அறுவையின் தேவையையும் நெடுங்காலத்தில் குறைத்தது ஃபினாஸ்டரைடு சேர்ந்த சிகிச்சையே.

ஆனால் இம்மருந்து எல்லாருக்கும் உரியதன்று. வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, ஸ்கேன் அறைக்கு வெளியே கால் மாற்றிக் காத்திருந்து, ஒருமுறை படமெடுத்தபின் சிறுநீர் கழித்துவரச் சொல்லி மறுபடியும் படமெடுக்கும்போது, மருத்துவர் அறிய விரும்புவது சுரப்பியின் பருமனையும் பையில் தங்கிய நீரின் அளவையுமே. சுரப்பி பெருத்தவருக்கே இம்மருந்தால் நன்மை மிகுதி, சிறுத்தவருக்குப் பயன் சொற்பம்.

பலன் முழுவதும் தெரிய ஆறு மாதமாவது ஆகும். இரண்டு மாதத்தில் குணமில்லையென்று நிறுத்துபவர் மருந்தைக் குறை கூறுவதில் நியாயமில்லை. சிலருக்கு இச்சை குன்றுதலும், விறைப்புக் குறைவும், மார்பு பருத்தலும் நேரிடலாமாதலால், கூச்சத்தை விட்டு அவற்றை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புற்றுநோயைக் கண்டறிய உதவும் பி.எஸ்.ஏ. அளவை இம்மருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடுவதால், பரிசோதனைச் சீட்டில் 3 என்றிருப்பதை 6 என்று கொள்ள வேண்டும். குறைந்த அளவு மறுபடி ஏறத் தொடங்கினாலோ அதை அலட்சியம் செய்யலாகாது. வழுக்கைக்காக 1997 முதல் விற்கப்படும் 1 மில்லிகிராம் மாத்திரையும் இதே ஃபினாஸ்டரைடுதான் என்பதால், முடிக்காக உண்பவரும் இரத்தப் பரிசோதனையின்போது அதைச் சொல்லியாக வேண்டும். ஆண் சிசுவின் உறுப்புகளைப் பாதிக்குமாதலால், கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடலாகாது. இதை உண்பவர் இரத்ததானம் செய்யுமுன், ஃபினாஸ்டரைடானால் ஒரு மாதமும் டூடாஸ்டரைடானால் ஆறு மாதமும் இடைவெளி விடுவது விதி.

மருந்தை நிறுத்தினால் அடக்கப்பட்ட நொதி மீண்டும் வேலை தொடங்கி, சுரப்பியும் பழையபடி வளரும். ஆகவே இது சில வாரச் சிகிச்சையன்று, ஆண்டுக்கணக்கில் தொடரவேண்டிய ஒன்று என்பதை முதல் மாத்திரைக்கு முன்பே நோயாளி அறிந்திருப்பது நலம். அவ்வளவு காலம் உண்ண இசையாதவர், அறுவை உள்ளிட்ட மற்ற வழிகளைத் தொடக்கத்திலேயே மருத்துவரோடு கலந்து முடிவு செய்வதே விவேகம்.