நியூசிலாந்து சாலையில் ஒரு மண்டிக்காரர்

வெளிநாடு போய் வந்தேன் என்று சொன்னதும் நமது சங்கத்து அன்பர்கள் கேட்ட முதல் கேள்வி, “அங்கே என்ன பார்த்தீர்கள்?” என்பதல்ல, “கடையை யாரிடம் விட்டுப் போனீர்கள்?” என்பதுதான். வியாபாரிக்கு வியாபாரி கேட்கும் நியாயமான கேள்வி. பருப்பு மண்டியில் நாற்பது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்தவன் பன்னிரண்டு நாள் எழுந்து போவதென்றால் அது லேசான காரியமல்ல.

பொங்கல் வியாபாரம் முடிந்த மறுவாரம் நானும் மனைவியும் புறப்பட்டோம். ஆக்லாந்தில் மகள் குடும்பம் இருக்கிறது. மாப்பிள்ளை விடுமுறை போட்டு, நியூசிலாந்தின் தென் தீவை ஏழு நாள் காரிலேயே சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. கடை பெரியவன் பொறுப்பு. அந்த நாட்டுக் கடிகாரம் கோடைக்காலத்தில் நம்முடையதைவிட 7½ மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நம் ஊரில் காலை 10 மணிக்கு விலை பேசத் தொடங்கும்போது அங்கே மாலை 5½. ஆகவே பகல் முழுவதும் போன் ஓய்ந்திருக்கும். சுற்றிவிட்டு விடுதிக்கு வந்து கால் நீட்டிய பிறகுதான் பையன் விலை கேட்பான். சூரியனோ இரவு 9 மணிக்கு மேல்தான் மறைகிறது. “வியாபாரிக்கென்றே அமைந்த நாடு, மாப்பிள்ளை” என்றேன். “உங்களுக்கு அப்படித்தான் தோன்றும் மாமா” என்று சிரித்தார்.

போகிறவர்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. விமான நிலையத்தில் உணவுப் பொருள் சோதனை மிகக் கடுமை. பழம், விதை, தேன் எதுவாக இருந்தாலும் படிவத்தில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் ஓர் ஆப்பிள் பையில் கிடந்தால்கூட 400 டாலர் அபராதம். எழுதிக் கொடுத்துவிட்டால், ஆகாத பொருளை எடுத்துப் போட்டுவிடுவார்களே தவிர அபராதம் இல்லை. என் மனைவி முறுக்கு, பருப்புப்பொடி உட்பட ஒன்பது சாமான்களை வரிசையாக எழுதிக் கொடுத்தாள். அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். விவசாயமும் கால்நடையும்தான் அந்த நாட்டின் முதல். வெளியூர்ப் பூச்சி ஒன்று நுழைந்தால் முதலுக்கே மோசம் என்பதால் இந்தக் கண்டிப்பு. எனக்கு அதில் குறை தோன்றவில்லை.

தென் தீவின் பரப்பளவு சுமார் 1½ லட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரிது. மக்களோ சுமார் 12 லட்சம் பேர்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் அந்தச் சாலைகள் எப்படி இருக்கும் என்பது புரியும். வாகனங்கள் நம்மைப் போலவே இடப்பக்கம் போகின்றன. ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் சுற்றுலா வந்தவர் அதைக் கொண்டே ஓட்டலாம். ஊருக்கு வெளியே பெரும்பாலும் 100 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி. ஆற்றுப் பாலங்கள் பல ஒரே வண்டி போகும் அகலம்தான். பாலத்துக்கு முன் பலகையில் இரண்டு அம்புகள் இருக்கும். சிறிய சிவப்பு அம்பு நம் திசைக்கு என்றால் நாம் நின்று எதிர்வண்டிக்கு வழிவிட வேண்டும். ஆளும் இல்லை, விளக்கும் இல்லை, ஆரனும் இல்லை. நிற்க வேண்டியவர் நிற்கிறார். பின்னால் நாலு வண்டி சேர்ந்துவிட்டால் மெதுவாகப் போகிறவர் தானே ஓரம் ஒதுங்கி விடுகிறார்.

பயணம் தொடங்கியது கிறைஸ்ட்சர்ச் நகரில். 2011 பிப்ரவரி 22 அன்று அங்கே நிலநடுக்கம். 185 பேர் இறந்தார்கள். நகரின் நடுவிலிருந்த கடைவீதி இடிந்து, பல மாதம் யாரும் நுழைய முடியாமல் அடைபட்டுக் கிடந்தது. அந்த வியாபாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே ஆண்டு அக்டோபரில், கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்பு கன்டெய்னர்களை வரிசையாக நிறுத்தி, வண்ணம் பூசி, கண்ணாடி வைத்து, அதற்குள் கடை திறந்துவிட்டார்கள். தற்காலிகம் என்று தொடங்கிய அந்தச் சந்தை ஆறு வருடத்துக்கு மேல் நடந்து, 2018-ல்தான் எடுக்கப்பட்டது. இப்போது அங்கே புதுக் கட்டடங்கள். வாடிக்கையாளர் வேறு பக்கம் போய்ப் பழகிவிட்டால் திரும்ப மாட்டார் என்பது எந்த நாட்டுக் கடைக்காரருக்கும் தெரிந்ததுதான்.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து தெக்காப்போ ஏரிக்கு சுமார் 225 கிலோமீட்டர். முதல் பாதி வயலும் புல்வெளியுமான சமவெளி. பிறகு மேடு ஏறி, மரமில்லாத பொன்னிறப் புல் மலைகள். ஏரித் தண்ணீரின் நீலத்தைச் சொல்லி விளக்க முடியாது. பனிப்பாறைகள் மலையை அரைத்து மாவாக்கி, அந்தக் கல்மாவு தண்ணீரில் மிதப்பதால் வரும் நிறமாம். கரையில் 1935-ல் கட்டிய சிறிய கல் தேவாலயம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு நாய்க்கும் வெண்கலச் சிலை! ஆட்டு மந்தைகளைக் காத்த நாய்களுக்கு நன்றியாக வைத்தது. அடுத்த நாள் புகாகி ஏரியை ஒட்டிய 55 கிலோமீட்டர் சாலையில் குக் மலை அடிவாரம் வரை போனோம். நாட்டிலேயே உயரமான சிகரம், 3,724 மீட்டர். அன்று மேகம் விலகி முழு மலையும் தெரிந்தது. பேரன்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியாது.

வழியில் சாப்பாட்டுக் கவலை இல்லை. மோட்டல் என்னும் தங்குமிடங்களில் சிறு சமையல் வசதியும் இருக்கிறது. அங்காடியில் அரிசியும் மைசூர்ப் பருப்பும் வாங்கினோம். பழக்க தோஷம், பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், ஆஸ்திரேலியச் சரக்கு. நம் துறைமுகங்களில் இறங்கும் அதே ஊர்ச் சரக்குதான். விலைச் சீட்டில் போட்டிருப்பதே கடைசி விலை. 15 சதவீத ஜி.எஸ்.டி. அதற்குள் அடக்கம். அரிசிக்கும் அதே 15, சோப்புக்கும் அதே 15. ஏழைக்கு அது நியாயமா என்பது வேறு விவாதம். கணக்கு எழுதுகிறவருக்கு நிம்மதி. 5 சென்ட் நாணயத்தை 2006-லேயே ஒழித்துவிட்டார்கள். சில்லறைத் தகராறும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

லிண்டிஸ் கணவாயைத் தாண்டி குரோம்வெல் என்ற ஊருக்கு வந்தோம். இதைப் பற்றி நம்மவர்கள் அறிய வேண்டும். இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் இருந்த பழைய ஊர். 1862-ல் அந்தப் பக்கத்து ஆற்றில் இரண்டே பேர் 87 பவுண்டு தங்கம் சேர்த்து எடுத்துப்போய் டனீடன் நகரில் ஒப்படைத்ததும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். கூட்டம் வந்த இடத்தில் கடை வந்தது. கடை வந்த பிறகு ஊர் வந்தது. தங்கம் தீர்ந்தும் அந்தக் கடைவீதி நின்றது. ஆனால் கிளைட் அணை கட்டி 1992, 93-ல் தண்ணீர் தேக்கியபோது பழைய கடைவீதி ஏரிக்குள் போய்விட்டது. மேட்டில் புதுக் கடைகள் கட்டப்பட்டன. பழைய கட்டடங்களில் சிலவற்றைப் பிரித்தெடுத்தும், சிலவற்றைப் பழைய மாதிரியிலேயே கட்டியும் கரையோரம் ஒரு சிறு தெருவாக நிறுத்தியிருக்கிறார்கள். தானியக் கடை, பொதுச் சரக்குக் கடை, பத்திரிகை அச்சகம் என்று வரிசையாக இருக்கின்றன. தெரு சட்டென்று தண்ணீரில் முடிகிறது. அதற்கு அப்பால் இருந்த கடைகள் அடியில்.

அந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். நம் பக்கம் புறவழிச்சாலை வந்த ஊர்களில் பழைய பஜார் என்ன ஆனது என்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? நஷ்டஈடு நிலத்துக்குக் கிடைக்கும். கடைக்கு முன்னால் நடந்துபோன கால்களுக்கு யார் கொடுப்பார்கள்? குரோம்வெல்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இன்று அது பழ ஊர். ஆப்ரிகாட், செர்ரி, நெக்டரின் தோட்டங்கள். சாலையோரப் பழக்கடைகளில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஊர் வாசலில் வீட்டுயரப் பழச் சிற்பம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். போகிற வண்டியை நிறுத்த அதைவிடப் பெரிய விளம்பரப் பலகை வேண்டாம்.

அன்று ஐந்தாம் நாள். மாலை 5½ ஆகியும் பையனிடமிருந்து போன் வரவில்லை. 7 மணிக்கு நானே அழைத்தேன். “இரண்டு லோடு இறங்கிவிட்டதப்பா, பட்டியல் போட்டாகிவிட்டது, நீங்கள் ஊரைப் பாருங்கள்” என்றான். என்ன விலைக்கு முடித்தான் என்று கேட்க வாய் வந்தது. மனைவி பார்த்த பார்வையில் கேட்கவில்லை.

அருகிலேயே ஆரோடவுன். அங்கேயும் 1862-ல் தங்கம். பின்னால் சீனத் தொழிலாளிகள் வந்து ஆற்றோரம் தனியாகக் குடியிருந்தார்கள். அவர்களுக்குச் சரக்கு கொடுத்த ஆ லம் என்பவரின் கடை இன்றும் நிற்கிறது. கல்லால் கட்டிய, குனிந்து நுழையும்படியான சின்னக் கட்டடம். அது கடை மட்டுமல்ல. பணம் கொடுத்து வைப்பது, கடிதம் எழுதுவது, ஆங்கிலம் தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பது எல்லாம் அங்கேதான். அந்த நாளில் சீனர் ஒருவர் நாட்டுக்குள் வர 1881 முதல் 10 பவுண்டு தலைவரி. 1896-ல் அதை 100 பவுண்டாக்கினார்கள். 1944-ல்தான் நீக்கினார்கள். 2002-ல் அரசாங்கம் அதற்கு மன்னிப்பும் கேட்டது. அந்த வாசற்படியில் நின்றபோது பர்மாவுக்கும் இலங்கைக்கும் கடை வைக்கப் போன நம் பாட்டன்மார் நினைவுக்கு வந்தார்கள்.

திரும்பும்போது வைடாகி ஆற்றோரமாக அணைகளைப் பார்த்துக்கொண்டே ஓமாரு துறைமுகத்துக்கு இறங்கினோம். என்னைப் போன்ற மொத்த வியாபாரிக்கு இதுதான் கோயில். வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில், தூணும் வேலைப்பாடுமாக, அரண்மனை போன்ற கட்டடங்கள். உள்ளே என்ன? கோதுமைக் கிடங்கு! 1880-களில் தானிய வியாபாரிகள் கட்டியவை. பக்கத்திலுள்ள டொடாரா பண்ணையிலிருந்துதான் 1882 பிப்ரவரி 15 அன்று சுமார் 5,000 உருப்படி இறைச்சி உறைய வைத்து, ‘டனீடன்’ என்ற பாய்க்கப்பலில் லண்டனுக்குப் புறப்பட்டது. 98 நாள் பயணம். நடுவில் வெப்பப் பிரதேசம். போய்ச் சேர்ந்தபோது கழித்தது ஒரே ஒரு உருப்படி. நான் சைவம், ஆனாலும் வியாபாரி என்ற முறையில் எழுந்து நின்று கும்பிட வேண்டிய கணக்கு இது. நியூசிலாந்தின் உறைந்த இறைச்சி ஏற்றுமதிக்குப் பிள்ளையார் சுழி அந்தக் கப்பல்தான். 1982-ல் 7 கோடிக்கு மேல் இருந்த ஆடுகள் இப்போது 2½ கோடிக்கும் கீழே வந்துவிட்டன. மாட்டுப் பால் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக ஓமாருவின் சிறு துறைமுகம் பின்தங்கி, 1974-ல் மூடப்பட்டது. ஊரில் பணப்புழக்கம் இல்லாததால் பழைய கிடங்குகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஆள் வரவில்லை. அதுவே பிறகு அதிர்ஷ்டமாகிவிட்டது. 1987-ல் ஓர் அறக்கட்டளை அமைத்துக் கிடங்குகளைச் சீர்செய்தார்கள். இப்போது புத்தகம் பைண்டு செய்பவர், சிற்பி, காப்பிக் கடைக்காரர் என்று ஆளுக்கொரு பகுதியில் இருக்கிறார்கள். பயணிகள் வருகிறார்கள். மூட்டை ஏற்றிய பழைய மரத்தளத்தில் கையை வைத்துப் பார்த்தேன், வழவழப்பாகத் தேய்ந்திருந்தது.

நம்மவர்கள் ஆவலாகக் கேட்ட ஆளில்லாக் கடைகள் பற்றி எழுதாவிட்டால் விடமாட்டார்கள். கிராமச் சாலைகளில் பண்ணை வாசலில் ஒரு சிறு பந்தல். அதில் முட்டை, பழம், தேன், உருளைக்கிழங்கு. விலைப்பலகையும், பூட்டிய காசுப் பெட்டியும் இருக்கும். சில இடங்களில் வங்கிக் கணக்கு எண்ணும் எழுதியிருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு பணத்தைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். “நம் ஊரில் நடக்குமா?” என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஐந்து டாலர் சரக்குக்கு ஆள் வைத்தால் கூலிக்குக் கட்டாது; ஆகவே நம்புகிறார்கள். நாம் நேரில் பார்க்காத ஊர்க்காரருக்கு போனில் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஒரு லாரி பருப்பு அனுப்புகிறோமே, அது எதில் சேர்த்தி? வெள்ளைக்காரன் செய்தால் அதிசயம், நாம் செய்தால் வழக்கம்.

ஓமாரு பக்கம் உருளைக்கிழங்குக்குப் பேர்போன மண். அப்படி ஒரு பந்தலில் ‘2 கிலோ’ என்று எழுதிய ஒரு பை வாங்கி, மகள் ஆக்லாந்துக்கு எடுத்து வந்தாள். கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் பெட்டி எடை போடும் தராசில் அந்தப் பையை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தேன். 2 கிலோ 200 காட்டியது.