குரோம்பேட்டையும் குட்டைப் பாவாடை காலத்து பூட்ஸும்

முழங்கால் வரை ஏறும் பெண்கள் பூட்ஸ், இன்ஸ்டா ரீல்ஸ் வழியாக மறுபடியும் வலம் வருகிறது. 'ரெட்ரோ' என்று பெயர். சென்னை வெயிலுக்கு இதெல்லாம் தேவையா என்று அம்மாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், அந்த பூட்ஸின் கதையில் தாம்பரம் மின்சார ரயில் தினமும் நின்றுபோகும் ஒரு ஸ்டேஷனுக்கும் இடம் உண்டு: குரோம்பேட்டை.

ஊர்ப்பெயரில் உள்ள 'குரோம்', குரோமியம்தான். 1912-ல் ஜி.ஏ.சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர். அதற்கு முன்பு நம் பக்கம் தோலை ஆவாரம்பட்டை ஊறலில் போட்டுப் பதப்படுத்துவார்கள். வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பில் போட்டால் ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும். சென்னை மாகாணத்தில் இந்த முறையைச் சோதித்துப் பார்த்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர். அவர் ஃபேஷனுக்காக அதைச் செய்யவில்லை. மாடு கட்டி நீர் இறைக்கும் கவலைக்கு, சீக்கிரம் இற்றுப்போகாத தோல் தேவைப்பட்டது, அவ்வளவுதான்!

குரோமில் பதப்பட்ட தோல் மெல்லிசாக இருக்கும், வளையும், எந்தச் சாயத்தையும் ஏற்கும். கெண்டைக்காலை ஒட்டி நிற்கும் பூட்ஸுக்கு வேறென்ன வேண்டும்?

விக்டோரியா காலத்துப் பெண்கள் நீண்ட பாவாடைக்குள் கணுக்கால் பூட்ஸ் போட்டார்கள், வெளியே தெரியாது. பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறிய 1960-களில் பூட்ஸ் நன்றாகவே கண்ணில் பட்டது. 1964-ல் பாரிஸின் ஆந்த்ரே கூரேஜ் வெள்ளை நிறத்தில், உயரக் குதிகால் இல்லாமல் பூட்ஸ் கொண்டுவந்தார். நடக்கலாம், ஓடலாம், ஆடலாம். 1966-ல் நான்சி சினாட்ராவின் பூட்ஸ் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டில் பூட்ஸ் என்பது அலங்காரமல்ல, ஏமாற்றியவனுக்கு விடும் எச்சரிக்கை. இன்றும் பெண்களுக்கு அது பிடிப்பதற்குக் காரணம் இந்த மிடுக்குதான்.

நம் நாட்டில் அந்த மிடுக்கு 1935-லேயே திரையில் வந்துவிட்டது. பம்பாய்ப் படமான 'ஹண்டர்வாலி'யில் பூட்ஸும் சாட்டையுமாக வந்தார் நாடியா. ஆனால், புடவைக்கு அடியில் பூட்ஸ் எதற்கு? பெரும்பாலும் அது திரையோடு நின்றது.

போடாவிட்டாலும், தைப்பது நாம்தான். ஆம்பூர், ராணிப்பேட்டை ஆலைகளிலிருந்து காலணிகள் ஐரோப்பாவுக்குப் போகின்றன. தையல் பிரிவில் பெரும்பாலும் பெண்கள். முழங்கால் உயர பூட்ஸைத் தைத்துவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள்.

இந்தத் தொழிலுக்கு நம் புறநகர் கொடுத்த விலையும் உண்டு. நாகல்கேணி, பல்லாவரம் பகுதி நிலத்தடி நீரில் குரோமியம் கலந்ததை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் பிறகுதான் வந்தது. ஊர்ப்பெயரில் இருக்கும் உலோகம் கிணற்றிலும் இருந்தது.

சரி, ஆசைப்பட்டுப் பழைய பூட்ஸ் வாங்குகிறீர்களா? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையோ, ஆன்லைனோ, முதலில் அடிப்பாகத்தை அழுத்திப் பாருங்கள். பாலியூரித்தேன் அடிப்பாகம் நம் ஊர் ஈரக்காற்றில், பெட்டிக்குள் இருந்தாலும், சில வருடங்களில் பொடிந்துவிடும். ரப்பரோ தோலோ என்றால் அதிக நாள் தாங்கும். மழையில் நனைந்தால் வெயிலில் காயவைக்காதீர்கள். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். ஜிப்பையும் இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். முதலில் மக்கர் செய்வது பெரும்பாலும் அதுதான்.