யாருடைய சிக்கனம்? வறட்சிக் காலத்து வீட்டுத் தண்ணீரும் சேரியின் குடக்கணக்கும்

கோடை தொடங்கியதும் ஆண்டுதோறும் ஓர் அறிவிப்பு வருகிறது: தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள், ஷவரைத் தவிர்த்து வாளியில் குளியுங்கள், காரைக் குழாய் வைத்துக் கழுவாதீர்கள் என்று அது பட்டியலிடும். அறிவுரையில் பிழை இல்லை. ஆனால் அது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மூடுவதற்கு வீட்டுக்குள் குழாய் இருப்பவரோடு மட்டுமே அது பேசுகிறது. தெருமுனைக் குழாயடியில் எட்டுக் குடம் நீருக்காக விடியுமுன் வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு அந்த அறிவிப்பில் ஒரு வரியும் இல்லை. அவர் பிறந்தது முதல் சிக்கனத்திலேயே வாழ்ந்து வருகிறார்.

படப்பை, மணிமங்கலம், முடிச்சூர், பெருங்களத்தூர் என நீளும் சென்னையின் தென்மேற்கு விளிம்பை முன்வைத்து இக்கட்டுரை இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்கிறது. தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு வீடு உண்மையில் எவ்வாறு நீரைக் காக்க முடியும்? அந்தப் பொறுப்பு யார்மீது எவ்வளவு சுமத்தப்படுகிறது? முதல் கேள்வியைத் தனியே எடுத்தால் அது வெறும் வீட்டுக் குறிப்பாகிவிடும். இரண்டாவதைத் தனியே எடுத்தால், நாளைக் காலை அடுப்பு மூட்டவேண்டிய குடும்பத்துக்கு அது பயன்படாது.

2019 கற்பித்த பாடம்

2018ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. நாளொன்றுக்குச் சுமார் 83 கோடி லிட்டராக இருந்த சென்னைக் குடிநீர் வாரியத்தின் வழங்கல் 52.5 கோடி லிட்டராகக் குறைக்கப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது உலகச் செய்தியாயிற்று. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தபோது அதற்கு வரவேற்பு அளிக்கப்பட்டது. குறைக்கப்பட்ட அன்றாட வழங்கலில்கூட அந்த ரயில் கொண்டுவந்த நீர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு.

நகரத்தை உண்மையில் தாங்கியவை லாரிகள். அவற்றில் பெரும்பகுதி, நகரைச் சுற்றியுள்ள ஊர்களின் வயற்கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் நீரை நிரப்பிக்கொண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குச் சென்றன. நிலம் உள்ளவருக்கு நீர் விற்பனைச் சரக்கு. அதே நிலத்தடி நீரை நம்பி ஊராட்சிக் குழாயில் குடம் பிடிக்கும் நிலமற்றவருக்கு, பக்கத்து வயலில் மோட்டார் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பு. செங்கற்பட்டு மாவட்டத்தில் நிலமற்றோர் யார் என்பது புதிய கேள்வியும் அன்று. 1891இல் அன்றைய ஆட்சியர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையும், 1892இல் அதைத் தொடர்ந்து வந்த பஞ்சமி நில ஆணையும் அதற்குப் பதில் சொல்லியுள்ளன. பட்டா இல்லாதவர் கிணறு தோண்ட முடியாது. கால் கிரவுண்டில் குடும்பம் நடத்துபவருக்கு நிலத்தடித் தொட்டி கட்ட இடமில்லை. நில உரிமை பறிபோன இடத்தில் நீருரிமையும் உடன் போகிறது.

55 லிட்டரும் 135 லிட்டரும்

ஊரக வீடுகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது 2019இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஒன்றிய அரசின் பொறியியல் கையேடு வகுக்கும் அளவு 135 லிட்டர். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு முதலாவது 275 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பதினெட்டுக் குடம். இரண்டாவது 675 லிட்டர், நாற்பத்தைந்து குடம்.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பெருங்களத்தூரும் பீர்க்கன்காரணையும் அதற்குள் சென்றன. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் உள்ள படப்பையோ தொழிற்பேட்டைகளுக்கு நடுவே ஊராட்சியாகவே பெருத்த ஊர். வாழ்க்கைமுறையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. காகிதத்திலுள்ள எல்லைக்கோடு மட்டும் ஒருவரின் உடலுக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பதை முடிவு செய்கிறது.

2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம், குழாய்கள் நின்றுபோகும் நாளை எண்ணத் தொடங்கியபோது, ஆளுக்கு 50 லிட்டர் என்ற கட்டுப்பாட்டை விதித்தது. பேரழிவின் விளிம்பு என்று உலகம் அதிர்ந்த அளவு அது. நம் ஊராட்சிகளில் வறட்சியில்லாத நாளுக்கு அரசு உறுதியளிப்பதோ அதைவிட ஐந்து லிட்டர்தான் கூடுதல். அந்த நகரை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, மக்கள்தொகையில் 14 விழுக்காட்டுக்கும் குறைவான வசதிபடைத்தோர் பாதிக்கு மேற்பட்ட நீரைப் பயன்படுத்தினர் என்றும், 62 விழுக்காடாக உள்ள எளியோருக்குக் கிடைத்தது 27 விழுக்காடே என்றும் கண்டது. அங்கே நிறம், இங்கே சாதி. நமது 2011 கணக்கெடுப்பின்படி வீட்டு வளாகத்துக்குள்ளேயே குடிநீர் கிடைத்த குடும்பங்கள் நாடு முழுவதும் 46.6 விழுக்காடு. பட்டியல் சாதிக் குடும்பங்களில் அது 35.4 விழுக்காடு.

குடத்தால் அளப்போம்

சேமிப்பை லிட்டரில் சொன்னால் மனத்தில் நிற்பதில்லை. குடத்தால் அளந்தால் எந்த வீட்டில் எவ்வளவு குறைக்க முடியும் என்பது உடனே விளங்கும்.

ஷவரில் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் கொட்டும். பத்து நிமிடக் குளியல் கிட்டத்தட்ட ஏழு குடம். வாளிக் குளியல் ஒரு குடத்துக்குச் சற்று அதிகம். பழைய கழிப்பறைத் தொட்டி ஒருமுறை அழுத்தினால் 10 லிட்டருக்கு மேல் செலவாகும். நீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை அந்தத் தொட்டிக்குள் வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிஞ்சும். ஐவர் வீட்டில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் குடம். ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நல்ல நீருக்குச் சுமார் மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் எடுக்கும் வீடு நான்கு குடம் நீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது என்று பொருள். அதைப் பிடித்து வைத்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கு ஊற்றவும் பயன்படுத்தலாம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இக்கருவியே வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் கூறியதையும் நினைவிற்கொள்வோம்.

மேற்கண்டவை அனைத்தும் 135 லிட்டர்க்காரர்களுக்கு உரியவை. எட்டுக் குடத்தில் நாளைக் கடத்தும் வீட்டில் குறைப்பதற்கு எதுவுமில்லை. ஒரே நீரை இருமுறை பயன்படுத்தும் வழிதான் உண்டு. அரிசி, காய்கறி கழுவிய நீர் பாத்திரத்தின் முதல் அலசலுக்குப் போகும். துணி அலசிய கடைசி நீர் அடுத்த துவைப்பின் ஊறலுக்கோ கழிப்பறைக்கோ போகும். சோப்பு நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாறும். ஆகவே அன்றன்றே தீர்க்க வேண்டும். இவற்றை நம் தாய்மாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இதைச் சூழலியல் அறிவாக எவரும் எழுதி வைக்கவில்லை என்பதே குறை.

மழையைக் குறித்தும் ஒரு கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 300 சதுர அடி ஓட்டுக்கூரை ஏறக்குறைய 28 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழையில் சேதாரம் போக 225 லிட்டர், அதாவது பதினைந்து குடம் சேரும். கூரையின் தூசியைக் கழுவிவிடும் முதல் மழைநீரை வெளியேற்றிவிட்டுத் துணியால் வடிகட்டிப் பிடிக்க வேண்டும். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழகக் கட்டடங்களில் கட்டாயம். தொகுப்பு வீடுகளின் கூரையிலும் சமுதாயக் கூடங்களிலும் அதை அரசே அமைத்துத் தரவேண்டும் என்று கேட்பது நியாயமே.

சேமித்த நீர் நோயாகும்போது

நீர் சில மணி நேரம் மட்டுமே வரும் குழாய்க்கு ஓர் ஆபத்து உண்டு. அழுத்தம் குறைந்து குழாய் வெறுமையாகும்போது, விரிசல்கள் வழியே சுற்றியுள்ள கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. முன்வரிசை வீடுகள் இணைப்பில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சினால் இந்த இழுப்பு இன்னும் கூடும். குழாயின் கடைக்கோடியில் இருப்போருக்கு நீரே எட்டாது. நம் ஊர்களில் கடைக்கோடி எந்தத் தெரு என்று சொல்லத் தேவையில்லை. 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வயிற்றுப்போக்குக்குப் பலர் ஆளாகி மூவர் இறந்தபோது, குடிநீரில் கழிவுநீர் கலந்ததாக மக்கள் கூறினர். அரசுத் தரப்பு அதை மறுத்தது. ஆகவே குழாய் திறந்தவுடன் வரும் நீரைக் கழுவுவதற்கு ஒதுக்குவோம். குடிநீரைக் கொதிக்க வைப்போம். குழாய் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இருந்தால் உயர்த்தித் தரக் கேட்போம்.

டிரம்மில் தேக்கிய நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை டிரம்மைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, துணி கட்டி மூட வேண்டும். இதற்காக வீடுகளுக்கு அபராதம் விதிக்கும் உள்ளாட்சிகள், மக்கள் ஏன் டிரம்மில் தேக்க நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நாள்தோறும் நீர் வந்தால் எவரும் டிரம் வாங்கப் போவதில்லை.

சிக்கனத்தின் மறுமுனையில் நிற்பவர்

நீர்ச் சிக்கனம் குறித்த பேச்சுகளில் பெரும்பாலும் விடுபடும் ஒருவர் உண்டு. கழிவுக் குழாய்கள் நீரின் ஓட்டத்தால்தான் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்கின்றன. நீர் குறைந்தால் திடக்கழிவு தங்குகிறது, அடைப்பு ஏற்படுகிறது. அடைப்பை எடுக்க அழைக்கப்படுபவர் நம் மக்களுள் ஒருவர். பாதாளச் சாக்கடை எட்டாத புறநகரில் மலக்கழிவுத் தொட்டிகளே மிகுதி. 2019 மார்ச்சில், படப்பைக்கு அருகிலுள்ள திருப்பெரும்புதூரை அடுத்த நெமிலியில், அத்தகைய தொட்டி ஒன்றில் நச்சுவாயு தாக்கி ஆறு பேர் மாண்டனர்.

மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. இத்தகைய மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. ஆகவே நீரைச் சேமிக்கும் வீடு இன்னொன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். நாப்கின், துணி, எண்ணெய்க் கழிவு எதையும் கழிப்பறையிலோ வடிகாலிலோ போடக்கூடாது. அடைப்பு நேர்ந்தால் இயந்திரத்தை மட்டுமே அழைக்க வேண்டும். எந்தக் கூலிக்கும் ஓர் ஆளைத் தொட்டிக்குள் இறக்கக்கூடாது. ஒருவர் உயிரைப் பணயம் வைத்துச் சேமித்த நீரைச் சேமிப்பு என்று சொல்ல முடியாது.

குளத்திலிருந்து குழாய் வரை

1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் எதையும் எந்தச் சாதியினரும் பயன்படுத்துவதற்குத் தடையில்லை என்றது அது. அவர் பிறந்த கோழியாளம் இதே பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் பகுதியில் இருக்கிறது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1927 மார்ச் 20 அன்று, அண்ணல் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அக்குளத்தை அந்நகராட்சி முன்பே அனைவருக்கும் திறந்துவிட்டிருந்தது. தீர்மானத்தில் இருந்த உரிமையைக் கைக்கு எட்டச் செய்யவே பல்லாயிரம் பேர் நடக்க வேண்டியிருந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 1937இல்தான் வந்தது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே மக்களுள் மூவரையே குற்றவாளிகளாகக் காட்டியது. அதை அம்மக்கள் ஏற்கவில்லை.

சட்டம் நம் கையில் இருக்கிறது. கிணறு, குளம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பு. பட்டியல் சாதியினர் பயன்படுத்தும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவதும், பொதுக் குழாயைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின்கீழ்க் குற்றங்கள்.

கல்லூரி மாணவர்களும் களப்பணியாளர்களும் செய்யக்கூடியது

முதலில் கணக்கெடுப்போம். ஊர்த்தெருவிலும் காலனியிலும் நீர் வரும் நாள், நேரம், வீட்டுக்குக் கிடைக்கும் குடங்கள் ஆகியவற்றை ஒரு மாதம் குறிப்பேட்டில் பதிந்தால், பாகுபாடு எண்ணாக மாறும். எண்ணை மறுப்பது கடினம். நேரடி மோட்டார்களையும் கடைக்கோடித் தெருக்களையும் அதே குறிப்பேட்டில் குறிப்போம். மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவிய நாளையும் நீர்ப் பரிசோதனை முடிவையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கிராம சபை கூட வேண்டும் என்பது தமிழகத்தில் நடைமுறை. படப்பை போன்ற ஊராட்சிகளில் அந்த நாளிலும், மாநகராட்சிப் பகுதிகளில் பகுதி சபையிலும் இந்தக் குறிப்பேட்டை வைத்துத் தீர்மானம் கோருவோம்: தட்டுப்பாடு வந்தால் வெட்டு மேலிருந்து தொடங்க வேண்டும்; ஆளுக்கு 55 லிட்டருக்குக் கீழே எந்தத் தெருவுக்கும் வெட்டு கூடாது; லாரி நீர் முதலில் கடைக்கோடித் தெருவுக்கு வர வேண்டும்.

வறட்சி இயற்கையால் வரலாம். அதன் பங்கீட்டை மனிதர்களே செய்கிறார்கள். நீரைச் சேமிப்போம். சேமித்த நீர் யார் குடத்தில் சேர்கிறது என்பதையும் கணக்குக் கேட்போம்.