நள்ளிரவில் அடித்த சாப்பாட்டு மணி

பள்ளிச் சுற்றுலா என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? தீம் பார்க், தண்ணீர்ச் சறுக்கு, ராட்டினம்! இரவு அங்கேயே குறைந்த வாடகையில் ஒரு விடுதியில் தங்கினால் கொண்டாட்டம்தான். ஆனால் விளையாடிக் களைத்து அறைக்குத் திரும்பியதும் எல்லோர் வாயிலும் வருவது ஒரே கேள்வி: “சாப்பாடு எங்கே? என்ன கிடைக்கும்?”

ஒரு பக்கம் இட்லி, பொங்கல். இன்னொரு பக்கம் நூடுல்ஸ், பரோட்டா. டோக்கன் வாங்கினால் தட்டு கிடைக்கும். இரவு பத்து மணி தாண்டினால் “எல்லாம் தீர்ந்துவிட்டது தம்பி” என்று சொல்லிக் கடையை மூடிவிடுவார்கள்.

இப்போது ஒரு புதிர். கட்டணமே இல்லாமல் தங்க இடம். டோக்கன் இல்லாமல் சாப்பாடு. சமைத்த சோறு வேண்டாம் என்றால் அரிசியாகவே தருவார்கள். கைக்குழந்தைக்குத் தனியாகப் பால். நோயாளிக்குத் தனியாகப் பத்தியச் சாப்பாடு. இப்படி ஒரு விடுதி எங்கே இருந்தது?

சிங்கப்பூர், துபாய் என்று தேட வேண்டாம். நம் தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டில்தான் இருந்தது! இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த முக்தாம்பாள் சத்திரம்தான் அது.

தேர் போல ஒரு கட்டடம்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் ஏறத்தாழ 23 கிலோமீட்டர் போனால் ஒரத்தநாடு வரும். அங்கேதான் இந்தச் சத்திரம் இருக்கிறது. அதன் முகப்பைப் பார்த்தால் ஒரு தேர் போலத் தோன்றும். யானைகளும் குதிரைகளும் அந்தத் தேரை இழுத்துப் போவது போலச் சிற்பிகள் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே கல் தூண்களும் மர வேலைப்பாடுகளும் உண்டு. வழிப்போக்கர் தங்கும் இடத்துக்கு இத்தனை அழகா என்று வியப்பாக இருக்கும்.

இதைக் கட்டியவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. 1798 முதல் 1832 வரை அரசராக இருந்தவர். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த அதே சரபோஜிதான். அவருடைய அன்புக்குரியவர் முக்தாம்பாள். அவர் இளம் வயதிலேயே இறந்துபோனார். தம் பெயரால் ஓர் அறச்சாலை அமைய வேண்டும் என்று இறக்கும்முன் அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். சத்திரம் எழுந்தது, ஊருக்கும் முக்தாம்பாள்புரம் என்று ஒரு பெயர் வந்தது.

யாருக்காக இந்தச் சத்திரம்?

அந்தக் காலத்தில் பஸ் இல்லை, ரயில் இல்லை. காசியிலிருந்தும் மற்ற வடநாட்டு ஊர்களிலிருந்தும் ராமேசுவரத்துக்குப் புனிதப் பயணம் வருகிறவர்கள் மாதக் கணக்கில் நடந்தே வருவார்கள். வசதி உள்ளவர்கள் மாட்டு வண்டியில் வருவார்கள். தஞ்சாவூரை அடைந்த பிறகும் ராமேசுவரத்துக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

ஒரு மனிதர் மூட்டையைச் சுமந்துகொண்டு ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடப்பார்? இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் நடந்தாலே பெரிது. காலையில் தஞ்சையை விட்டுக் கிளம்பினால் பொழுது சாயும் நேரத்தில் ஒரத்தநாடு வந்துவிடும். கால் வலிக்கும் இடத்தில், வயிறு பசிக்கும் நேரத்தில் சத்திரம் நின்றது!

இன்னொன்றும் கவனியுங்கள். இன்று ஒரத்தநாட்டைச் சுற்றிப் பச்சைப் பசேல் என்று வயல்கள் தெரிகின்றன. அதற்குத் தண்ணீர் கொண்டுவருவது கல்லணைக் கால்வாய். நம் ஊர்க்காரர்கள் அதைப் புதுஆறு என்பார்கள். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல்தான் அது வந்தது. அதற்கு முன் இந்தப் பக்கத்து மண் மழையையும் ஏரி, குளங்களையும் நம்பிக் கிடந்தது. அப்படிப்பட்ட வழியில் நடந்து வருகிறவருக்கு ஒரு வாய்ச் சோறும் ஒரு சொம்புத் தண்ணீரும் எவ்வளவு பெரிய உதவி!

சத்திரத்தில் என்னென்ன கிடைத்தது?

இது நமக்கு எப்படித் தெரியும்? சரபோஜி மன்னரே கடிதம் எழுதி வைத்திருக்கிறார். 1801-ஆம் ஆண்டு, தஞ்சையில் ஆங்கிலேயக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த பெஞ்சமின் டோரின் என்பவருக்கு எழுதிய கடிதம் அது. தம் நாட்டுச் சத்திரங்கள் எப்படி நடக்கின்றன என்று அதில் விவரமாகச் சொல்கிறார். அதில் உள்ள செய்திகளை ஓட்டல் சாப்பாட்டுப் பட்டியல் போலத் தருகிறேன், படியுங்கள்.

* எந்தச் சாதியைச் சேர்ந்த வழிப்போக்கர் வந்தாலும், எந்தச் சமயத்துத் துறவி வந்தாலும் சமைத்த சோறு உண்டு.
* சமைத்த சோறு வேண்டாம் என்பவருக்கு அரிசியும் சமையலுக்கு வேண்டிய மசாலாச் சாமான்களும் கிடைக்கும். அவரே பொங்கிச் சாப்பிடலாம்.
* கைக்குழந்தைகளுக்குப் பால்.
* நோயாளிகளுக்கு மருந்து. நோய்க்கு ஏற்ற உணவு. குணமாகும்வரை அங்கேயே தங்கலாம்.
* கருவுற்ற தாய்மாருக்குத் தனிக் கவனிப்பு. சத்திரத்தில் குழந்தை பிறந்தால் மூன்று மாதம்வரை தங்கலாம்.
* ஆதரவற்ற பிள்ளைகளுக்கு நாள்தோறும் மூன்று வேளைச் சாப்பாடு, உடை, படிப்பு. நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல்கூட உண்டு!

கடைசியாகச் சொல்லப்போவதுதான் முக்கியம். சோறு போடுவது நள்ளிரவுவரை நடக்கும். நள்ளிரவில் ஒரு மணி அடிப்பார்கள். “இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வாருங்கள்” என்று உரக்க அழைப்பார்கள். இருக்கும் சோற்றை அவர்களுக்குப் போடுவார்கள்.

அந்த மணியைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்றைய விடுதிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று முன்பே தெரியும். போனில் பதிவு செய்கிறோம்; டோக்கன் வாங்குகிறோம். சத்திரத்துச் சமையற்காரருக்கு அது தெரியாது. இன்று இருபது பேர் வரலாம், நாளை இருநூறு பேர் வரலாம். மழையில் மாட்டிக்கொண்டு ஒருவர் இரவு பதினொரு மணிக்கு வந்து சேரலாம். சாப்பாடு கேட்கக் கூச்சப்பட்டுத் திண்ணையிலேயே சுருண்டு படுத்துக்கொள்ளலாம். மணி அவரையும் எழுப்பிவிடும். பசித்தவர் கேட்க வேண்டியதில்லை. சமைத்தவரே கேட்டார்! மிஞ்சிய சோறும் வீணாகவில்லை.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு: “சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தையங்கார் அப்பணை எதற்கு?” அப்பணை என்றால் உத்தரவு, அனுமதி. சத்திரத்தில் சாப்பிட யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பது பொருள். வயிறு பசித்தால் போதும், அதுவே அனுமதிச் சீட்டு.

கொஞ்சம் கணக்குப் போடலாமா?

சாப்பாடு இலவசம் என்றால் யாரோ ஒருவர் செலவு செய்கிறார் என்று அர்த்தம். எவ்வளவு செலவாகும்? கணக்குக்காக ஒரு நாளைக்கு 200 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி. இரண்டு வேளைக்கு 300 கிராம். 200 பேருக்கு 60 கிலோ. ஒரு மாதத்துக்கு 1,800 கிலோ! மூன்று கிலோ நெல்லைக் குத்தினால் ஏறத்தாழ இரண்டு கிலோ அரிசி கிடைக்கும். அப்படியானால் மாதத்துக்கு 2,700 கிலோ நெல் வேண்டும். அரிசி ஆலை இல்லாத காலம். எல்லாம் உரலும் உலக்கையும்தான். குத்திய கைகள் எத்தனை வலித்திருக்கும்!

இதற்காகவே சத்திரங்களுக்கு நிலங்களை ஒதுக்கியிருந்தார்கள். அந்த நிலத்து வருமானம்தான் அடுப்பை எரிய வைத்தது. ஒரு நாள் அந்த அடுப்புக்கே ஆபத்து வந்தது.

நாடு போனாலும் அடுப்பு அணையக் கூடாது

1799-இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி தஞ்சை நாட்டை ஆளும் அதிகாரம் முழுவதும் கம்பெனிக்குப் போய்விட்டது. சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும், ஆண்டுதோறும் கிடைக்கும் பணமும், அரசர் என்ற பட்டமும்தான். நிலமெல்லாம் கம்பெனி வசம் போனால் சத்திரத்து நிலமும் போகும். நிலம் போனால் நெல் ஏது? நெல் இல்லாவிட்டால் சோறு ஏது?

அப்போதுதான் அவர் அந்தக் கடிதத்தை எழுதினார். சத்திரங்களைத் தம்மிடமே விட்டுவிடும்படி கேட்டார். தஞ்சையைத் தர்ம ராஜ்யம் என்று உலகம் சொல்கிறது, அந்தப் பெயர்தான் தம் பதவிக்குக் கிடைத்த பெரிய பெருமை என்ற கருத்தை அதில் எழுதினார். படையும் அதிகாரமும் போன பிறகு ஓர் அரசர் வழிப்போக்கருக்குச் சோறு போடும் உரிமையைக் கேட்டு எழுதிய கடிதம் அது! சத்திரங்கள் அவர் பொறுப்பிலேயே தொடர்ந்தன. ஒரத்தநாட்டிலும் அடுப்பு எரிந்தது. அங்கே பள்ளிக்கூடமும் நடந்தது.

ஒரே வரிசையில்

எல்லாச் சாதியாருக்கும் சோறு உண்டு என்று படித்தோம். ஆனால் அந்தக் காலத்தில் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. சாதி பார்த்துத் தனித்தனியாகத்தான் பந்தி நடந்தது. பிறர் சமைத்ததை உண்ணக் கூடாது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அரிசியாகவே வாங்கிப் பொங்கிச் சாப்பிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். நல்லதைச் சொல்லும்போது குறையையும் மறைக்கக் கூடாது அல்லவா?

இன்று உங்கள் பள்ளிக்கூடத்தில் பாருங்கள். 1956-இல் காமராசர் காலத்தில் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவாக விரிந்தது. 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்துச் சோற்றைச் சாப்பிடுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சத்திரத்தையும் மிஞ்சிவிட்டீர்கள்!

பிறகு என்ன ஆயிற்று?

1855-இல் கடைசி மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். தஞ்சை அரசும் முடிவுக்கு வந்தது. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. நடந்து வந்தவர்கள் ரயிலில் ஏறிக்கொண்டார்கள். வழியில் சத்திரத்துக்கு வேலை குறைந்தது. பிற்காலத்தில் ஒரத்தநாட்டுச் சத்திரம் மாணவர்கள் தங்கிப் படிக்கும் விடுதியாகவும் இருந்தது. வழிப்போக்கர் சாப்பிட்ட இடத்தில் உங்களைப் போன்ற பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

நீடாமங்கலம் யமுனாம்பாள் சத்திரம், மணமேல்குடி திரௌபதாம்பாள் சத்திரம், மீமிசல் ராஜகுமாராம்பாள் சத்திரம் என்று இதற்குச் சகோதரிகளும் உண்டு. ஒரு படத்தை எடுத்து, தஞ்சையிலிருந்து ராமேசுவரத்துக்கு விரலால் கோடு போட்டுப் பாருங்கள். வழியில் ‘சத்திரம்’ என்று முடியும் ஊர்ப் பெயர்களைத் தேடுங்கள். சேதுபாவாசத்திரம் ஒன்று, மற்றவற்றை நீங்கள் கண்டுபிடியுங்கள்.

ஒரத்தநாடு பக்கம் போனால் அந்தக் கல் யானைகளைப் பாருங்கள். எண்ணுங்கள், படம் வரையுங்கள். ஆணியால் உங்கள் பெயரை மட்டும் கீறாதீர்கள். அவை ஏற்கெனவே நிறைய மழையையும் வெயிலையும் தாங்கிவிட்டன.

தீம் பார்க் விடுதிக்குப் போகும்போதும் ஒன்று செய்யலாம். தட்டில் வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுக் கை கழுவுமுன் உங்கள் குழுவை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பஸ்ஸில் வாந்தி எடுத்துப் படுத்திருக்கும் தோழி, கூச்சப்பட்டு ஓரமாக நிற்கும் புதுப் பையன், கடைசிவரை உங்களை எண்ணிக்கொண்டே நின்ற ஆசிரியர், வண்டியிலேயே இருக்கும் ஓட்டுநர் அண்ணன்... “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மணி இல்லாவிட்டால் என்ன, உங்களுக்குத்தான் வாய் இருக்கிறதே!